முன்னெழுத்து

மார்பர்க் நகர அலுவலகம், மூன்றாம் எண் சாளரம்.
படிவத்தின் முதல் கட்டம்: குடும்பப் பெயர்.
என்னிடம் இருந்தவை இரண்டு எழுத்துகள், ம. சே.
மணப்பாறை ஊர், சேவுகன் அப்பா.
எங்களுக்கு ஊர் முன்னால் நடக்கும்,
பெயர் பின்னால் வந்து சேரும்
என்று சொல்லிப் பார்த்தேன்.
அவள் அப்பாவைக் குடும்பமாக்கி முத்திரை குத்தினாள்.
ஊர்
கட்டத்துக்கு வெளியே நின்றது.

வேலையிலோ எல்லாம் தலைகீழ்.
நான் திறக்கும் பட்டியலில்
ஊர் மட்டுமே பெயர்.
எபோலா, ஓர் ஆறு.
சூடான். பண்டிபுக்யோ. ரெஸ்டன்.
தாய்க் காடு என்று ஒன்று,
ஆப்பிரிக்கச் சொல்தான், ஆனாலும்
தமிழில் படித்துவிட்ட கை
விசைப்பலகையில் ஒரு கணம் நின்றது.
பிறகு மார்பர்க்.
அறுபத்தேழில் குரங்குகளோடு வேலை பார்த்தவர்கள்
இங்கே காய்ச்சலில் விழுந்தார்கள்.
அது இந்த ஊரில் பிறந்ததில்லை.
எங்கோ ஒரு வௌவாலுக்குள்
பெயரில்லாமல் இருந்ததைக்
கண்டுபிடித்த வீட்டாரே வளர்க்கும்படி ஆயிற்று.

எபோலாவின் வரியைப் போட்டு
அதன்கீழ் சூடானை, அதன்கீழ் மார்பர்க்கை,
எழுத்துக்கு நேர் எழுத்தாக அடுக்குகிறேன்.
பெரும்பாலும் ஒத்துப்போகாது,
பங்காளிகள் அல்லவா.
ஆனால் நம் உயிரணுவின் கதவைப் பற்றுகிற
அந்த ஒரு மூலையில்
எல்லாருக்கும் ஒரே கையெழுத்து.
அதைத்தான் சர்க்கரையால் போர்த்தி ஒளித்து வைக்கிறார்கள்.

போர்வையை நீக்கு, கணினியே.
இவர்கள் பாகம் பிரிவதற்கு முன்
முகம் எப்படி இருந்திருக்கும், சொல்.
அது ஊகிக்கும். நான் அதிலும் கைவைப்பேன்,
இங்கே ஒரு மடிப்பு, அங்கே ஒரு கொக்கி.
எந்த வௌவாலிலும் வாழாத புரதம்,
யாரையும் கொல்லத் தெரியாதது.
கல்யாண வீட்டில் தாடையை மட்டும் பார்த்துவிட்டு
"நீ இன்னார் வீட்டுப் பிள்ளைதானே" என்பார்களே,
உடம்புக்கு அந்தக் கண் வேண்டும்.
இன்னும் வராத பிள்ளையையும்
வாசலிலேயே பிடிக்க வேண்டும்.

நாற்பதாயிரம் முகங்கள் வந்தன.
திரையில் அழகாக மடிந்தவை
குழாயில் கஞ்சியாகக் குழைந்தன.
மிஞ்சியவை பதினொன்று.
அவற்றில் ஒன்பதாவதன்மேல் எனக்குப் பாசம்,
அது அறிவியல் இல்லை என்று தெரியும்.

வீப்கே மேலே லான்பெர்கே குன்றில்,
காற்றடைத்த உடைக்குள், மூன்று கையுறைக்குள்,
என் முகத்தைப் பார்த்திருந்த முயல்களின் குருதிநீரை
உயிருள்ள வைரஸோடு சேர்த்துவிட்டு
வெளியே வந்து, குளித்து, காத்திருந்தாள்.
வெள்ளிக்கிழமை அழைத்தாள்.
"எபோலா அடங்கியது. சூடானும்.
பண்டிபுக்யோ, தாய்க் காடு, ரெஸ்டன், எல்லாம்."
பிறகு ஆப்பிள் கடிக்கும் சத்தம்.
"ஒன்று மட்டும் நழுவுகிறது."
எது என்று கேட்கவில்லை.
"நம்ம ஊர்தான்," என்றாள்.

மேல்நகரத்துப் படிகளில் இறங்கி வந்தேன்,
மழை நின்றும் நிற்காத நேரம்.
நெற்றியில் ஊர்ப்பெயர் எரிய
ஒரு பேருந்து கடந்து போனது.
அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.
ஒரு பையன் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

ஐந்துபேர் வரியையே நிறைய ஊட்டியிருக்கிறேன்.
பெரும்பான்மை சொன்னதைக் கணினி நம்பியது.
தள்ளி நின்ற ஒருவனின் தாடையை
அது சரியாகப் பார்க்கவே இல்லை.
எடையை மாற்றினேன்.
இரவு இரண்டு மணிக்கு மறுபடி ஓட்டினேன்.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
ம என்று தட்டினேன்.
குறைந்தது மூன்று எழுத்து வேண்டுமாம்.