அரை இஞ்ச்

எஞ்சினை இறக்கி ஏற்றியது ஒன்பது நாள்.
மிச்சத்துக்குத்தான் எட்டு மாதம்.

அறுபத்து நாலாம் வருடத்து எம்ஜி மிட்ஜெட்.
இரண்டே ஸீட்டு.
உள்ளே இப்போது ஜிப்ஸியின் எஞ்சின்.
கோணவட்டம் டீக்கடையில் கேட்டார்கள்:
"உடம்பு ஏத்துக்கிச்சா சார்?"
எதைக் கழற்றி எதை மாட்டினாலும்
இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான்.

எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.
ஒத்துக்கொள்ளாதது மற்றதெல்லாம்.
பழைய வண்டிக்கு பாடி எர்த் பாசிட்டிவ்,
வந்த ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ்.
பேட்டரியைத் திருப்பி வைத்த அன்று
யாரோ பிற்பாடு மாட்டிய ஆம்ப் மீட்டர்
சார்ஜ் ஏற ஏற இறங்குகிறது என்றது.
ஸ்பீடாமீட்டர் மைல் கணக்கு,
புது கியர்பாக்ஸுக்குப் பிறகு அதுவும் பொய்.
மே மாதம், கிரீன் சர்க்கிள் சிக்னல்,
தொண்ணூறு நொடி சிவப்பில்
ரேடியேட்டர் மூடியைப் பிய்த்துக்கொண்டு
வெந்நீர் பானெட்டுக்கு வெளியே வந்து நின்றது.
ஆர்டிஓ ஆபீஸில் ஒருவர்
டார்ச்சோடு குனிந்து
புது நம்பரைத் தேய்த்துத் தேய்த்துப் படித்துவிட்டு
"பழைய எஞ்சின் எங்க?" என்றார்.
சாக்கு போர்த்திய ஒன்றை
போட்டோ எடுத்துக் காட்டினேன்.

எல்லாம் தீர்ந்தது, ஒரு சத்தம் தவிர.
நாலாவது கியரில், எழுபதில்,
காலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எங்கோ
கிணிங்.
பள்ளத்தில் இல்லை, மேட்டில் இல்லை,
நல்ல ரோட்டில் மட்டும்.
ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தோம்.
மவுண்ட் ரப்பர் மூன்று தரம்.
முனவ்வர் தன் தூக்கத்திலும் அதைக் கேட்டதாகச் சொன்னார்.

போன ஞாயிறு டன்னல் மூடியைக் கழற்றினார்.
கிராஸ் மெம்பர் மேல்,
கிரீஸில் பாதி முழுகி,
அரை இஞ்ச் ஸ்பேனர்.

எஞ்சினுக்கு மில்லிமீட்டர், உடம்புக்கு இஞ்ச்.
அந்த செட் என்னுடையது.
வேலூரில் தேடினாலும் கிடைக்காதது.
எட்டு மாதம் முன்பு எண்ணிப் பார்த்து
"ஒண்ணு குறையுதே" என்றவன் நான்.
அவ்வளவுதான் சொன்னேன்.
முனவ்வர் பரிதியின் பையைக் கொட்டச் சொன்னார்.
டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, பஸ் டிக்கெட்டுகள்.
அவன் அதையெல்லாம் திரும்ப எடுத்து வைக்கும்வரை
நாங்கள் இருவரும்
கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மறுநாள் வரவில்லை.

"டெஸ்ட் டிரைவ் போலாம்" என்றார் முனவ்வர்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
பள்ளிகொண்டா டோலில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து எட்டிப் பார்த்துத்தான்
வண்டியைக் கண்டுபிடித்தார்.
எழுபது. எண்பது. மாதனூர்.
சத்தமே இல்லை.
இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
டேஷ்போர்டில் ஸ்பேனர்,
நியூஸ்பேப்பரில் சுற்றி.

ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்.
ஷிஃப்ட் விடும் நேரம்.
நீல ஓவர்கோட்டில் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்,
இரண்டு பேர் வண்டியோடு செல்ஃபி எடுத்தார்கள்.
எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் கிளம்புமோ என்று.
பரிதி வந்தான். விரல்களில் பசை காய்ந்திருந்தது.
முனவ்வர் பொட்டலத்தை நீட்டினார்.
பிரித்தான். பார்த்தான்.
"எங்க கிடந்துச்சு?"
"டன்னல் உள்ள."
"அன்னிக்கி படுத்துகினு டைட் வெச்சது யாரு?"
முனவ்வர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.
நான் செருப்பைப் பார்த்தேன்.

ஸ்பேனரை என் கையில் கொடுத்தான்,
அவர் கையில் இல்லை.
கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
போகிறவன் ஒரு நொடி நின்று
தலையைச் சாய்த்து
பானெட்டுப் பக்கம் காது கொடுத்தான்.
"ஐடில் ஏத்தமா கீது."

பஸ் போய்ப் புழுதி அடங்கியதும்
முனவ்வர் பானெட்டைத் திறந்து
ஸ்க்ரூவை இடப்பக்கம்
கால் சுற்று விட்டார்.

ஆமாம்.
ஏத்தமாகத்தான் இருந்தது.