ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதற்கும் நடுவே
ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது என்றார்கள்.
மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது,
காலி பண்ணாத குடித்தனம்.

இடதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டியும்
தேநீரின் சூட்டைத் தாமதமாகத்தான் சொல்கின்றன.
மருந்துக் கடைக் கல்லாவில்
இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டால் தெரிவதில்லை.
எனக்கு வேலை செய்யாத களிம்பை
நாளைக்கு இருபது பேருக்கு விற்கிறேன்.

கோட்டோரம் நின்று கொடி காட்டப் போகிறேன்
என்றுதான் வீட்டில் சொன்னேன்.
கோமளா பையில் துண்டை மடித்து வைத்தாள்,
அடியில் கிடந்த பூட்ஸின் மேலேயே.
ஒன்றும் கேட்கவில்லை.

பெரம்பூர் மைதானம்.
கால்பந்துக் கம்பத்தோடு சவுக்குக் கழி கட்டி
உயரமாக்கியிருந்தார்கள்; ஒன்று சாய்ந்திருந்தது.
டென்னிஸ் பந்து கிரிக்கெட் பையன்கள்
"அண்ணா, சண்டை முடிய எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார்கள்.
ரயில் ஒன்று எங்களைப் பார்த்தபடி
சிக்னலில் நின்றது.

காதில் வாசலின் தடவி
முன்வரிசையில் முதல் ஆளாக நிற்கிறேன்.
என் வலதுகைக்குள் கஜபதி.
எதிரே மொகிதீன்.
அன்றைக்கும் அவன்தான் எதிரே.
ஸ்க்ரம் சரிந்தபோது என் தலைக்கு மேல் இருந்தவன்,
ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து
உள்ளே வராமல் திரும்பிப் போனவன்.

"க்ரவுச்."
முழங்கால் மடிகிறது. அதற்கு இன்னும் நினைவிருக்கிறது.

"பைண்ட்."
என் வலது காதும் அவன் வலது காதும் உரசுகின்றன.
மதியம் அவன் சாப்பிட்ட மீன் குழம்பு எனக்குத் தெரிகிறது.
இடதுகையை நீட்டி அவன் ஜெர்சியைப் பிடிக்கிறேன்.
பிடித்தேனா?
நடுவிரல் ஆமாம் என்கிறது.
மோதிரவிரல், சுண்டுவிரல், ஆமாம்.
மற்ற இரண்டும் ஓட்டுப் போடவே வரவில்லை.
கையைப் பார்க்க முடியாது. கண்ணுக்குக் கீழே
ஒரு கட்டெறும்பு, இவ்வளவு கால்களுக்கு நடுவே
வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது அவன் காதோரம் சொன்னான்:
"மெதுவா வரேன். பயப்படாத."

வாயில் மண்ணோடு கிடந்த அன்று வராத கோபம்,
ஸ்கேன் குழாய்க்குள் அசையாதே என்றபோது வராத கோபம்,
அப்போது வந்தது.
"வர்றதுன்னா முழுசா வாடா."

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.

"செட்."

முழுசாகத்தான் வந்தான்.
எங்கள் பக்கத்து எட்டுப் பேர், அவர்கள் பக்கத்து எட்டுப் பேர்,
எல்லோருடைய எடையும் என் பிடரி வழியாகப்
போகவும் வரவுமாக இருந்தது.
காதுக்குக் கீழிருந்து முழங்கை வரை
ஒரு சூடான கம்பி.
பழைய வலியா என்று பார்த்தேன்.
பழையதுதான். பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

அரை அடி பின்னே போனோம்.
பந்து எங்கேயோ வெளியேறியது. எப்போதும்போல
கூச்சல் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும்.
எழுந்தபோது மொகிதீன் என் கழுத்தைப் பார்த்தான்,
பிறகு பார்க்காத மாதிரி ஓடினான்.
அன்று இன்னும் பதினொரு ஸ்க்ரம்.
ஏழில் தோற்றோம்.

இரவு கை கழுவும்போது
கட்டைவிரல் நகத்தடியில் ஒரு பச்சை நூல்,
அவன் ஜெர்சியின் நூல்.
விளக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

சாதம் போட்டபடி கோமளா கேட்டாள்:
"கொடி காட்டினா
காதா இப்படிச் சிவக்கும்?"