மூன்று நிமிடம்

செவ்வாய் மாலை ஆறரை.
தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்
மடக்கு நாற்காலி நாற்பது விரிப்பேன்.
முப்பத்தாறு காலியாகவே இருக்கும்.

நான் குறிப்பெடுப்பவள்.
ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே, லாஸ் ஹிகெராஸ்
குடிநீர் வாரியத்தின் பதினோரு வருடம்
என் கையெழுத்தில்தான் கிடக்கிறது:
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தது.

அதில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்.
"திருமதி பாரியென்டோஸ் பேசினார். ஸ்பானிஷ்."
அவ்வளவுதான்.
என்ன பேசினார் என்று எழுதச் சொல்லி
யாரும் கேட்டதில்லை.
என் வீட்டு மொழியும் அதுதான் என்று
நானும் வாய் திறந்ததில்லை.

பீச் கொட்டகையில் ஷிப்ட் முடிந்து வருவாள் யூலாலியா.
முழங்கை வரை பழத்தின் சுணை, சிவந்த தடிப்பு.
கையில் ஒரு கண்ணாடிக் குப்பி,
அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.
பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.
அதுதான் அந்தத் தண்ணீரின் கெட்டிக்காரத்தனம்.

மேசைமேல் விளக்குப் பெட்டி.
பச்சையில் தொடங்கி
மஞ்சளில் மூச்சுவாங்கி
சிவப்பில் வாயை மூட வேண்டும்.
குப்பியை ஐந்து பேர் முன்னாலும் நீட்டுவாள்.
குடியுங்கள் என்பாள்.
ஐவரும் என்னைப் பார்ப்பார்கள்.
நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

பிறகு தேர்தல் வந்தது.
வீடு வீடாக ஏறி இறங்கினாள், நெரெய்டாவோடு.
நாய்களுக்கு ரொட்டித் துண்டு நெரெய்டா பொறுப்பு,
ஆட்களுக்குப் பேச்சு இவள் பொறுப்பு.
கோமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்:
ஒருத்தியின் மகளுக்கு மற்றவள் ஞானத்தாய்.
சலவைக்கடை வாசலில் மேசை போட்டார்கள்.
ஒரு சுற்றுத் துணி உலர்வதற்குள்
நாலு வாக்காளர் படிவம்.

பதினேழு வாக்கில் ஜெயித்தாள்.
எதிர்ப்பே இல்லாமல் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த
பாதாம் தோட்டக்காரர் மறுபடி எண்ணச் சொன்னார்.
எண்ணினார்கள். பத்தொன்பது.

கதை இங்கே முடிந்திருந்தால்
சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்.

அடுத்த பிப்ரவரி.
நாற்பது நாற்காலியும் போதவில்லை,
சுவரோரம் தொப்பிகளைக் கையில் பிடித்தபடி ஜனம்.
புதுக் கிணறு. பாதி அரசாங்கம் தரும்,
மீதிக்கு வீட்டுக்கு மாதம் இருபத்தாறு டாலர்.
தீர்மானம் கொண்டுவந்தவள் யூலாலியா.
தலைவருக்குக் காய்ச்சல், அன்று தலைமையும் அவள்தான்.

மைக் முன்னால் நெரெய்டா.

"இருபத்தாறு டாலர் என் வீட்டில் மூன்று நாள் அடுப்பு, யூலா.
கெட்ட தண்ணீருக்கு இத்தனை வருடம் கட்டினோம்.
அதைக் குடிக்க முடியாமல்
கடைத் தண்ணீருக்கும் கட்டினோம்.
இப்போது நல்ல தண்ணீர் வரும் என்கிற
பேச்சுக்கும் கட்டவா?
ஊர் நாய்க்கெல்லாம் நான் ரொட்டி போட்டது
இதற்குத்தானா?"

மஞ்சள்.

நீரடித்து நீர் விலகாது என்பது சொல்வழக்கு.
அந்த அறையில் விலகியது.
நான் பார்த்தேன்.

சிவப்பு.
நெரெய்டா நிறுத்தவில்லை.
எல்லாரும் யூலாலியாவைப் பார்த்தார்கள்.
இந்த விளக்கு அவளை எத்தனை முறை அறுத்திருக்கிறது
என்று கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்,
நாற்பத்து மூன்று.

"நேரம் முடிந்தது, கோமாத்ரே," என்றாள்.
குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.
ஆதரித்த மூன்றாவது கை
மேலே எழ நேரமாயிற்று. அது அவள் கை.

நாற்காலிகளை மடக்கிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன்.
இருவரும் வந்தது ஒரே காரில்.
நெரெய்டா எஞ்சினைப் போட்டுவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள், கிளப்பவில்லை.
யூலாலியா குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெளிச்சத்துக்கு வெளியே நின்றாள், ஏறவில்லை.
எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு குறிப்பேட்டில்
நெரெய்டா வில்யாசெனோர் சொன்னதை
சொன்ன மொழியிலேயே முழுதாக எழுதினேன்,
சிவப்புக்குப் பிந்திய நான்கு வாக்கியங்களையும் சேர்த்து.
பிழைகள் இருக்கும்.
அந்த மொழியில் நான் எழுதி
நாளாயிற்று.