கௌரவத் தூதர்

செம்புதாஸ் தெருவில் நட்டு போல்ட்டு விற்றவர்
எங்கள் முதலாளி ஞானாபரணம்.
எண்ணி விற்க மாட்டார், எடை போட்டுத்தான்.
ஐந்து கிராம் குறைந்தால் தராசைத் திட்டுவார்,
கூடினால் என்னை.

அவரை ஒரு தீவு தேசம்
தன் ஆளாக எடுத்துக்கொண்டது.
சம்பளம் கிடையாது. ஒரு முத்திரை, ஒரு கொடி,
தடித்த தாளில் நியமனக் கடிதம்.
அந்தத் தேசத்தை அவர் பார்த்தது நாலு நாள்,
அதில் மூன்று நாள் மழை.

கீழ்ப்பாக்கம் வீட்டு வாசலில் பித்தளைப் பலகை ஏறியது.
பச்சை மேலா நீலம் மேலா என்று
முதல் வருஷம் முழுக்கச் சந்தேகம்.
கொடி தலைகீழாகப் பறந்திருந்தாலும்
கேட்க ஆளில்லை சென்னையில்.

அவர்களுடைய சுதந்திர தினம் நவம்பரில்.
ஓட்டலில் விருந்து, வெளியே அடைமழை.
வந்தவர்கள் ரோட்டரிக்காரர்கள், சம்பந்தி வீட்டார்.
தேசிய கீதம் எங்கே முடிகிறதென்று தெரியாமல்
டேப் நின்ற பிறகும் விறைப்பாக நின்றார்.

வருஷத்துக்கு மூன்று விசா.
பில் அடித்த கையால் நானே அடித்தேன்.

பிறகொரு நாள் துறைமுகத்திலிருந்து போன்.
கப்பலில் வந்த பையன், இருபத்து மூன்று வயது,
ஸ்டான்லி பிணவறையில்.

படிவத்தில் ‘இறந்தவருக்கு உறவு’ என்றொரு கட்டம்.
“கான்சல்” என்றார்.
“அதெல்லாம் உறவில்ல சார்.
அப்பாவா, அண்ணனா, மாமனா?”
பையன் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தார்,
ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.
கட்டத்தில் என்ன எழுதினாரென்று
எனக்குக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பெட்டி வந்தது.
விமானம் காலை ஆறுக்கு.
மூடியிலிருந்து ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி
வெளிச்சத்தில் திருப்பினார்.
“முலாம்டா இது. கடல் காத்துக்கு ஒரு வாரம் தாங்காது.
போய்க் கடையைத் திற.”

ஒன்றரை இஞ்ச், துருப்பிடிக்காத எஃகு.
எண்ணி எடுத்து வரச் சொன்னார், பதினாறு.
அவரே முறுக்கினார், கோட்டைக் கழற்றாமல்,
எதிரெதிர் மூலையாக,
எஞ்சின் மூடிக்கு முறுக்குவதுபோல்.

கொடி பெட்டியோடு போயிற்று.
வேறு கொடி கேட்டு இரண்டு கடிதம் அடித்தேன்.
ஒரு காலண்டர் வந்தது.

மார்ச்சில் இருப்பெடுத்தபோது
எண்பது கிராம் உதைத்தது.
எந்தத் தலைப்பில் எழுத என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“சேதாரம்னு போடாதே” என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அந்த வரி
இன்னும் பென்சிலில் இருக்கிறது.