பதினெட்டு சென்டிமீட்டர்

காவேரிப்பாக்கம் ஏரி முடிகிற இடத்தில்
சாலை வரும் என்று கல் நட்டிருந்தார்கள்.
மண்ணுக்கு அது தெரியாது,
ஏரியாகவே கிடந்தது.
கோடையில் கை நுழையும் வெடிப்பு.
மழையில் புடைத்துக்கொண்டு
நடப்பவர் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்.

அள்ளிக் கொட்ட ஆயிரம் லாரி,
கிராவலுக்கு ஒரு மலை.
இருக்கிற மண்ணையே தேற்றலாம் என்று
எழுதிக் கொடுத்தவள் நான்:
நூற்றுக்கு மூன்று சுண்ணாம்பு, ஐந்து சிமென்ட்,
ஆழம் முப்பது சென்டிமீட்டர்.
தண்ணீர் பட்டதிலிருந்து இரண்டு மணி நேரம்.
சிமென்ட் யாருக்காகவும் காத்திருக்காது,
டீ குடிக்கப் போன ரோலர் ஏகாம்பரத்துக்காகவும்.

முனிரத்தினம் காலிச் சாக்குகளை எண்ணிக் காட்டினார்.
கணக்கு சரி.
"பாருங்க தில்ஷாத் மேடம், பூரா உள்ள போயிடுச்சி."
எதற்கு உள்ளே என்று நான் கேட்கவில்லை.
ஒரு குழி வெட்டச் சொன்னேன்.

பினாப்தலின் புட்டியைத் திறந்து
குழிச்சுவரில் தெளித்தேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் வாடாமல்லி நிறம்,
சாயம் இறங்கிய புடவைக் கரைபோல
மேலும் கீழுமாக.
அதற்கு அடியில் மண் கறுப்பாகவே இருந்தது.
டேப்பை வைத்தேன்.
பதினெட்டு.

எருமையைப் பிடித்தபடி நின்ற அஞ்சலாட்சி கேட்டார்:
"இன்னாம்மா, மண்ணுக்கு ஆலம் சுத்துறியா?"
மஞ்சளைச் சுண்ணாம்பு சிவக்க வைக்கிறதே,
இதுவும் அந்தக் கணக்குதான் என்றேன்.
அவர் நம்பவில்லை.

முனிரத்தினம் ஓரமாகக் கூப்பிட்டார்.
"பன்னெண்டு சென்டி. மேல தார் வந்துட்டா
யாரு தோண்டிப் பாக்கப்போறா?"

மேல்விஷாரத்தில் எங்கள் வீடு
தூர்த்த குட்டையின்மேல் நிற்கிறது.
ஐப்பசியில் சமையலறைக் கதவு திறக்காது.
பங்குனியில் சாத்தாது.
அதைக் கட்டிய நாளிலும்
யாரோ யாரையோ ஓரமாகக் கூப்பிட்டிருப்பார்கள்.

கடிகாரத்தைக் காட்டினேன்.
ஐம்பது நிமிடம் மிச்சம்.

அவர் என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.
பிறகு யாரும் பேசவில்லை.
தண்ணீர் லாரிக்குப் பின்னால் தார்ப்பாய் விலகியது.
நாற்பது முழு மூட்டைகள்,
எந்தக் கணக்கிலும் இல்லாதவை.
கலக்கும் இயந்திரம் பற்களை இறக்கிக்கொண்டு
முனகியபடி திரும்பி வந்தது.
ஏகாம்பரம் டீயைப் பாதியில் ஊற்றிவிட்டு ஓடிவந்தான்.

ஏழு நாள் ஈரச் சாக்கு.
எட்டாம் நாள் மூன்று உருளைகளை உடைத்தேன்.
இரண்டு தேறின.
மூன்றாவது ஒரு நூல் குறைவு.
அப்படியே எழுதினேன்.

வெளியே எருமை புதுத்தரையில் ஏறியது.
குளம்பு பதியவில்லை.
நடுவில் நின்று குனிந்து
வெகுநேரம் முகர்ந்தது.
அந்தப் பக்கம் ஏரிக்கு இறங்கும் இடத்தில்
ஆள் ஆழத்துக்கு வடிகால் வெட்டியிருந்தார்கள்.

அஞ்சலாட்சி கயிற்றைச் சுண்டினார்.
"வா, சுத்திக்கினு போலாம்."