குறிப்புகள் என்ற கட்டம்

பணகுடிக்குத் தெற்கே
அறுபத்திரண்டு காத்தாடிகள்.
என் திரையில் அவை வெறும் எண்கள்.
பச்சை என்றால் சுற்றுகிறது.
சிவப்பு என்றால் நான் எழுத வேண்டும்:
தேதி, மணி, காற்றின் வேகம், பழுது,
கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்,
குறிப்புகள்.

ஜூன் பதினொன்று. மாலை ஆறு நாற்பது.
காற்று நொடிக்குப் பதினான்கு மீட்டர்.
முப்பத்தேழாம் எந்திரம், எண்ணெய்ச் சூடு.
எவ்வளவு சூடு என்று பார்க்கக் குனிந்தவர்
என் தோளில் நாடியை ஊன்றிப் பார்த்தார்.
சைட் இன்சார்ஜ் கோமதிநாயகம் சாருக்குக்
கண்ணாடி உண்டு,
சட்டைப் பையில்.

அன்றைக்கு அந்தக் கட்டத்தில்
'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.
எந்திரத்தைத்தான் சொன்னேன்.

நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.
மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது.
துப்பட்டாவுக்கு நாலு பின் குத்தினேன்.
எட்டு மணி வேன் வராத நாளெல்லாம்
அவர் கார் மட்டும் எப்படியோ வந்து நின்றது.
வள்ளியூர் பஸ்ஸுக்கு ரோடு வரைக்கும் நடந்தேன்,
காற்று என்னைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி.

போன வருஷப் பழுதுக் கணக்கு கேட்டு
தலைமை அலுவலகத்திலிருந்து மெயில்.
பழைய பதிவேட்டைத் தூசி தட்டினேன்.
மெர்சி லதா என்பவளின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக.
பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில்
குறிப்புகள் கட்டத்தின் ஓரம்
ஒரு பென்சில் புள்ளி.
எழுதும்போது தவறி விழுந்தது இல்லை,
பேனாவைக் கீழே வைத்துவிட்டுப்
பென்சிலைத் தேடி எடுத்து வைத்த புள்ளி.
பழுதே இல்லாத நாட்களிலும் இருந்தது.
காற்றே இல்லாத நாட்களிலும்.

நம்பரைப் பேச்சித்தாயக்காதான் தந்தாள்,
தரை துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்.
"வடக்கன்குளத்துல கட்டிக் குடுத்திருக்கு.
மத்தியானம் கூப்பிடு, அப்பந்தான் தனியா இருப்பா."

பெயர் சொன்னேன். எந்த ஆபீஸ் என்று சொன்னேன்.
அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம்.
அது அடங்கின பிறகு
"எத்தன புள்ளி எண்ணுனீய?" என்றாள்.
நாற்பத்தொன்று என்றேன்.
"ரெண்ட விட்டுட்டீய."

அதற்கப்புறம் நான் பேனாவில் எழுதினேன்.
ஜூலை ஒன்பது, ஏழு ஐந்து, காற்று பதினொன்று,
பழுது இல்லை. இன்சார்ஜ், கை, இடுப்பு.
ஜூலை பதினான்கு, காற்று பதினாறு,
ஐம்பதாம் எந்திரம் நின்றது. இன்சார்ஜ்,
ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டது.
சனிக்கிழமைதோறும் அடியில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.
படிக்காமலே போட்டார்.
நான்கு சனிக்கிழமை.
ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள்,
இவர் பேனா மட்டும் ஆடவில்லை.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து மூன்று பேர்.
"அப்பவே ஏன் சொல்லலம்மா?"
பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.
"அப்பவே, மேடம்."
பிறகு எழுதிச் சேர்த்தது என்றார் அவர்.
எழுத்துக்குக் கீழே இருந்தது அவருடைய பெயர்.
மெர்சி லதா கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.
அது அழ, பாதியில் வெளியே போய்த்
திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.
பேச்சித்தாயக்கா வரவில்லை.
அந்த வாரம்தான் ஒப்பந்தக்காரருக்கு
அவளை வேறு இடத்துக்கு மாற்றத் தோன்றியிருக்கிறது.

முடிவு இரண்டு வரியில் வந்தது:
கயத்தாறு சைட்டுக்கு மாற்றம்,
ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது.
ஆபீஸில் சிலர் என்னைக் கண்டால் போனைப் பார்க்கிறார்கள்.
வேன் இப்போது தவறாமல் எட்டுக்கு வருகிறது.

ஐப்பசி. காற்று அடங்கிவிட்டது.
அறுபத்திரண்டும் நிற்கின்றன.
எழுத ஒன்றும் இல்லை.

கயத்தாற்றிலும் ஒரு திரை உண்டு,
முன்னால் ஒரு நாற்காலி உண்டு.
அதில் உட்கார்ந்திருப்பவளின் நம்பரை
விசாரித்து வாங்கி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் கூப்பிட வேண்டும்.