விதிக்குக் கிழக்கே

நன்னிலம் முன்சீப் கோர்ட்டில்
மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த மூன்றாம் வாரம்
பழுத்த கிரயப் பத்திரம் ஒன்று மேசைக்கு வந்தது.
தையல்நாயகி வாதி. சிங்காரவேலு பிரதிவாதி.
ஒன்றரை மா நஞ்சை.
எழுதிய கை புள்ளி வைக்காத கை;
காலும் ரகரமும் அதற்கு ஒன்றுதான்.
நான் இப்படிப் படித்தேன்:
"விதிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு."

விதிக்குக் கிழக்கே யாருக்கு நிலம் இருக்கிறது?
சிரித்தேன். டீ வந்தது, குடித்தேன்.
மறுபடி பார்த்தால்
மேல்விலங்கு என்று நினைத்தது
பூச்சி அரித்த வளைவு.
வதி.

அகராதி ஆறு பாகம்.
நான்காம் பாகம், ஃபேன் ஆடாமலிருக்க
ஸ்டூலின் குட்டைக்காலுக்கு அடியில்.
நல்லவேளை, வகரம் அதில் இல்லை.

'வதிக்கு' என்று தேடினேன். இல்லை.
எப்படி இருக்கும்?
உருபைச் செருப்புபோல் வாசலில் கழற்றிவிட்டுத்தான்
சொல் உள்ளே உட்காரும்.
நடந்தாள், நடக்கிறாள், நடக்கமாட்டாள்
மூவருக்கும் ஒரே கதவு: நட.
'வந்தேன்' என்பவரை வகரத்தில் தேடிப் பயனில்லை,
அவர் 'வா'வில் குடியிருக்கிறார்.

எம்.ஏ. தமிழ். இருந்தும்
பால்வாடிப் பிள்ளைபோல் விரல்விட்டு முணுமுணுத்தேன்:
க ங ச ஞ ட ண...
பெஞ்சு கிளார்க் குணசீலன் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
புள்ளியெழுத்து முன்னால், உயிர் ஏறியது பின்னால்.
வத்தல் முதலில், வதக்கல் அப்புறம்;
குழம்பிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
வதந்தியைத் தாண்டி
வதனத்தைத் தாண்டி
வதி.

முதல் பொருள்: வழி.
மணி நாலே முக்கால்.
நாலரைக்கு மேல் எனக்கு
முதல் பொருளே முழுப்பொருள்.
ஆங்கிலத்தில் 'பாதை' என்று எழுதி
கட்டை ஒப்படைத்துவிட்டு
ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்தேன்.

பாதை என்றால் யாரும் நடக்கலாம்.
சிங்காரவேலுவின் வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்:
"பொதுப்பாதை, யுவர் ஆனர்."
தையல்நாயகி கேட்காமலே எழுந்தார்.
"அங்க பாதையே கெடையாதுங்க.
அதுல தண்ணிதாங்க நடக்கும்."
உட்காரச் சொன்னார்கள்.
நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸை விட்டேன்.
இரண்டு: சேறு.
மூன்று: விலங்கு படுக்குமிடம்.
நான்கு எனக்கு ஆகாது.
ஐந்தைப் பூச்சி தின்றிருந்தது.
ஆறு: கிளை வாய்க்கால்.
பக்கத்தில் எறும்புமுட்டை அளவில் 'தஞ்.'
போன வாரம் அதைத் தூசி என்று ஊதியிருக்கிறேன்.

முகப்பில் குறுக்கக் குறிகளின் பட்டியல் உண்டு.
கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரை
யார் படிக்கிறார்கள், அப்படி அது.
தஞ். என்றால்
தஞ்சாவூர் வட்டார வழக்கு.
பிறந்தது வலங்கைமான்,
படித்தது கும்பகோணம்,
ஊதியது என் ஊரை.

கீழேயே இன்னொரு வதி. தங்குதல் என்று பொருள்.
ஓடுவதற்கும் தங்குவதற்கும் ஒரே எழுத்தா என்று
ஒரு நிமிடம் கண் கலங்கப் பார்த்தேன்.
தத்துவம் ஒன்றுமில்லை, வேர் வேறு.
அதற்காகத்தான் தலைமாட்டில் பொடி எண்கள்:
இது ஒன்று, அது இரண்டு.
அவற்றையும் அன்று பார்க்கவில்லை.

திருத்தத்தை எழுதிக் கொண்டுபோனேன்.
குணசீலன் இரண்டு முறை படித்தார்.
"ஏம்மா, இத்தனூண்டு வார்த்தைக்கு
எத்தன அர்த்தம்தான் இருக்கும்?"
"ஏழு சார். இன்னும் பக்கத்தைத் திருப்பவில்லை."

தலைக்கு மேல் கடகடவென்று சத்தம்.
இருவரும் நிமிர்ந்தோம்.
ஃபேன் ஆடிக்கொண்டிருந்தது;
நான்காம் பாகம்
என் கக்கத்தில்.